தன் பாயிரத்தைத் தானே எழுதுதல்

பாலிகஞ்ச் ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடைத் தொலைவில், ஒரு பழைய வீட்டின் இரண்டாம் மாடியில் அந்த ஆய்வாளரின் அறை இருக்கிறது. சன்னலைத் திறந்தால் கேனிங், டயமண்ட் ஹார்பர், லக்ஷ்மிகாந்தபூர் என்று புறநகர் ரயில்களின் பெயர்கள் வங்காள அறிவிப்பில் வந்துகொண்டே இருக்கும். மொழியியலில் முதுகலை முடித்தவர். லேக் மார்க்கெட் சுற்றுவட்டாரத்தில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் பேச்சில் வங்காளம் எவ்வாறு கலந்திருக்கிறது என்பதே அவருடைய ஆய்வுப் பொருள். பல்கலைக்கழக மானியக் குழுவின் உதவித்தொகை இரண்டாண்டு இளநிலை, மூன்றாண்டு முதுநிலை என ஐந்தாண்டுகளோடு முடிந்துவிடும். 2023 சனவரி முதல் முதுநிலை ஆய்வாளருக்கு மாதம் 42,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் என்பது கணக்கு. கடைசித் தவணை வந்து சேர்ந்த மாதத்தில் அவருடைய ஆய்வேட்டில் இரண்டு இயல்கள் எழுதப்படாமல் இருந்தன.

ஊரிலிருந்து தொலைபேசியில் அம்மா கேட்டார்: “படிப்பு முடியறதுக்குள்ள பணம் முடிஞ்சு போச்சாடி?”

அந்தக் கேள்விக்கு விடை சொல்ல இயலாத அன்றிரவுதான் அவர் லிங்க்ட்இன் தளத்தில் தமது பக்கத்தைத் திறந்தார். முதுகலைக் காலத்தில் யாரோ சொன்னதற்காகத் தொடங்கி, பின்னர் தொடாமல் விட்ட பக்கம். பெயருக்குக் கீழே ‘முனைவர் பட்ட ஆய்வாளர், மொழியியல்’ என்ற ஒரே வரி. தன்னைப் பற்றி எழுதுவதற்கென்று அந்தத் தளம் ஒரு பெட்டியைத் தருகிறது. அதில் 2,600 எழுத்துக்குறிகள் வரை எழுதலாம். இரண்டு மணி நேரம் கழிந்தும் பெட்டி வெறுமையாகவே இருந்தது. பிறருடைய பேச்சைப் பற்றி அறுபது பக்க இயல் எழுதியவருக்குத் தன்னைப் பற்றி மூன்று வாக்கியம் எழுத வரவில்லை.

இது அவர் ஒருவருடைய குறை என்று சொல்வதற்கில்லை. மானுடவியல், மொழி, இலக்கியத் துறைகளில் பயில்பவர்கள் பலருக்கும் இந்தத் தடை உண்டு. கருத்தரங்கில் அறிமுகவுரையை வேறொருவர் வாசிக்கிறார். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது நெறியாளர் சான்றுக் கடிதம் தருகிறார். கட்டுரையில் ‘நான்’ என்ற சொல்லைக்கூட நீக்கச் சொல்லிப் பழக்குகிறார்கள். இவற்றுக்கெல்லாம் பின்னால் ஒரு நீண்ட மரபும் நிற்கிறது. பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிடலாம் என்று புகுந்த பூனையோடு தன்னை ஒப்பிட்டுக்கொண்டுதான் கம்பன் காப்பியத்தைத் தொடங்குகிறான். அவையடக்கம் கற்ற சமூகத்தில் பிறந்தவருக்கு, ‘என் திறன்கள்’ என்று தலைப்பிட்ட பெட்டியில் எதையேனும் எழுதுவது கூச்சமான செயல்தான்.

அவர் முதலில் செய்தது, பெரும்பாலோர் செய்வது. தம்மைப் போன்ற மற்றவர்களின் பக்கங்களைப் பார்த்தார். ‘ஆர்வமும் கடின உழைப்பும் மிக்க மொழி வல்லுநர்’ என்ற தொடரைத் தமக்கும் எடுத்துக்கொண்டார். பட்டங்கள், மதிப்பெண்கள், கலந்துகொண்ட பயிலரங்குகள் எல்லாவற்றையும் வரிசையாக ஏற்றினார். முன்பின் அறியாத மொழிபெயர்ப்பு நிறுவனத்தார் பலருக்கு இணைப்புக் கோரிக்கை அனுப்பினார். ஏலம் கேட்பதுபோல் விலை சொல்லி வேலை பிடிக்கும் தளங்களிலும் பதிந்து பார்த்தார். அங்கே தளத்தின் தரகு தனி. ஃபைவர் போன்ற தளத்தில் வேலை செய்பவரின் ஊதியத்திலிருந்து நூற்றுக்கு இருபது கழிந்துவிடும்.

நான்கு மாதங்களில் வந்தது ஒரே ஒரு விசாரணை. ஒரு நிறுவனம் ‘தேர்வுக்கான மாதிரி’ என்று மூவாயிரம் சொற்கள் கொண்ட மருத்துவக் கையேட்டுப் பகுதியை அனுப்பியது. மூன்று இரவுகள் விழித்து அதை முடித்து அனுப்பினார். அதன்பின் எழுதிய மின்னஞ்சல் எதற்கும் மறுமொழி இல்லை. ஒரு நூலைப் பத்துத் துண்டுகளாக்கிப் பத்துப் பேருக்கு ‘மாதிரி’ என்று அனுப்பினால், ஊதியமின்றியே நூல் முடிந்துவிடும் என்பது அவருக்குப் பின்னர்தான் புரிந்தது. மாதிரி என்றால் இருநூறு முந்நூறு சொற்கள், அதற்கு மேல் போனால் ஊதியம் என்று அன்று ஒரு விதி வகுத்துக்கொண்டார். இளைய ஆய்வாளர்கள் பட்டுத் தெரிந்துகொள்ளும் விதி இது. படாமலே கைக்கொண்டால் நல்லது.

மாற்றம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஆய்வேட்டின் இரண்டாம் இயலுக்காக இலக்கண மரபில் முன்னுரை எழுதும் முறைமையைப் பார்க்க வேண்டியிருந்தது. மேசையில் நன்னூல் திறந்திருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சீயகங்கன் வேண்ட, பவணந்தி முனிவர் இயற்றிய நூல். எழுத்துக்கும் சொல்லுக்கும் போவதற்கு முன்னால் அதில் பாயிரவியல் இருக்கிறது. தமிழ் படித்த அனைவரும் அதைத் தேர்வுக்காக மனனம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்திருப்பர்.

அந்தப் பாயிரத்தில் பவணந்தியார் மூன்று செய்திகளைச் சொல்கிறார். முதலாவது, ஒரு நூலின் சிறப்புப்பாயிரத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டு. காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் சேர்ப்பவர்கள் உண்டு. இரண்டாவது, பாயிரத்தை யார் எழுதலாம் என்பது. ஆசிரியர், உடன் கற்றவர், மாணாக்கர், தகுதி வாய்ந்த உரைகாரர் ஆகியோர் எழுதுவது முறை. நூலாசிரியரே எழுதிக்கொள்ளலாகாது. ஏனெனில், இதுவரை தோன்றாத நுட்பங்களையெல்லாம் தோற்றுவித்துப் பல துறைகளை முடித்துக் காட்டியவரானாலும் தம்மைத் தாமே புகழ்வது தகுதியன்று.

மூன்றாவது செய்திதான் அவரை நிறுத்தியது. இப்படி உறுதியாக விலக்கிவிட்டு, அடுத்த நூற்பாவிலேயே பவணந்தியார் நான்கு விலக்குகளைத் தருகிறார். அரசனுடைய அவைக்கு ஓலை விடுக்கும்போது, தன் ஆற்றலை அறியாதவர்களிடையே இருக்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோது, எதிராளி தன்னைப் பழித்தபோது. இந்த நான்கு இடங்களில் புலவன் தன்னைப் புகழ்ந்து கூறலாம்.

வேலை வேண்டி முன்பின் அறியாத நிறுவனத்திற்கு எழுதுவது முதல் விலக்கில் அடங்குகிறது. லிங்க்ட்இன் பக்கமோ முழுக்க முழுக்க இரண்டாம் விலக்கைச் சேர்ந்தது. 2003 மே மாதம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டு, 2016இல் மைக்ரோசாஃப்ட் 2,620 கோடி டாலருக்கு வாங்கிய அந்தத் தளத்தில் எதிரே அமர்ந்திருப்பவர்கள் எல்லாருமே நம் ஆற்றலை அறியாதவர்கள்தாம். அங்கே பேசாமல் இருப்பதை அடக்கம் என்று யாரும் எண்ணப்போவதில்லை. செய்தி போய்ச் சேரவில்லை என்பது மட்டுமே எஞ்சும்.

தமது பக்கத்தை நூலுக்குரிய பாயிரமாக எண்ணி மறுபடியும் வாசித்தபோது குறை எங்கே என்பது அவருக்குத் தெரிந்தது. ஆக்கியோன் பெயர் இருந்தது. எங்கே, யாரிடம் கற்றார் என்ற வழி இருந்தது. கேட்போர் இல்லை, பயன் இல்லை, எல்லை இல்லை. இந்தப் பக்கம் யாருக்காக எழுதப்பட்டது, அவர்களுக்கு இவரால் ஆவது என்ன, எந்த வேலையை ஏற்பார், எதை ஏற்கமாட்டார் என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. ‘ஆர்வம்’, ‘கடின உழைப்பு’ ஆகியவை பவணந்தியாரின் பட்டியலிலேயே கிடையாது.

அன்று மாலை தலைப்பு வரியை மாற்றினார். ‘வங்காளத்திலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் தமிழுக்கு: சப்டைட்டில், பேச்சுத் தரவு எழுத்தாக்கம், மொழிபெயர்ப்புத் தரச் சரிபார்ப்பு’ என்று எழுதினார். ஆய்வாளர் என்ற சொல் அடுத்த இடத்திற்குச் சென்றது. கீழேயுள்ள பெட்டியில் ஆறே வாக்கியங்கள். வங்காளத் திரை உரையாடலைத் தமிழாக்கும் நிறுவனங்களுக்கும், தமிழ்ப் பேச்சுத் தரவு திரட்டும் ஆய்வுக் குழுக்களுக்கும் பணி செய்வதாக முதல் வாக்கியம். சட்ட ஆவணங்களை ஏற்பதில்லை என்று ஐந்தாம் வாக்கியம். வாரத்திற்குப் பதினைந்து மணி நேரம் மட்டுமே என்று கடைசி வாக்கியம். எல்லையைச் சொன்னதும் எழுத்தில் ஒரு நம்பகத்தன்மை வந்துவிட்டதை அவரே உணர்ந்தார். எல்லாம் தெரியும் என்பவரை ஒப்பந்தம் தருபவர் நம்புவதில்லை.

அடுத்த சிக்கல், காட்டுவதற்கு வேலை வேண்டும் என்பது. முதல் வேலையே கிடைக்காதவரிடம் முந்தைய வேலை இராது. கிடைத்தாலும் பெரும்பாலான ஒப்பந்தங்கள் இரகசியக் காப்பு விதியோடு வருவதால் வெளியே காட்டவும் இயலாது. இதற்கு அவர் கண்ட வழி எளிது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் கழிந்த நூல் பொதுவுடைமையாகிவிடும். 1941இல் மறைந்த தாகூரின் படைப்புகள் 2001ஆம் ஆண்டின் முடிவோடு அவ்வாறு ஆயின. 1950இல் மறைந்த விபூதிபூஷண் பந்தோபாத்யாயின் எழுத்துகளும் இப்போது அப்படியே. கோல்பார்க் பழைய புத்தகக் கடையில் வாங்கிய விபூதிபூஷண் தொகுதியிலிருந்து ஒரு சிறுகதையின் இரண்டு பக்கங்களைத் தமிழாக்கினார். பக்கத்தை இரு பத்திகளாகப் பிரித்து, இடப்புறம் மொழிபெயர்ப்பு, வலப்புறம் தாம் எடுத்த ஒவ்வொரு முடிவுக்குமான காரணம் என அமைத்து, தமது பக்கத்தின் முகப்பில் வைத்தார். வேலை தருபவர் பார்க்க விரும்புவது அந்த வலப்புறத்தைத்தான் என்பது பின்னால் தெரிந்தது.

ஆயினும் நல்ல பக்கம் மட்டுமே வேலையைக் கொண்டுவந்துவிடாது. பாயிரம் நன்றாக இருப்பதனாலேயே நூல் வாசகரிடம் போய்ச் சேர்ந்துவிடுவதில்லை. வேலை எப்படி ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் நகர்கிறது என்பதை அவர் அறிந்துகொண்டது வீட்டுப் படிக்கட்டில்.

விடியற்காலையில் கேனிங் ரயில் வந்து நின்றதும் பாலிகஞ்ச் நிலையத்திலிருந்து பெண்கள் கூட்டமாக வெளியே வருவார்கள். தெற்கு 24 பர்கானா ஊர்களிலிருந்து தெற்குக் கொல்கத்தாவின் வீடுகளுக்குச் சமையலுக்கும் துப்புரவுக்கும் வருபவர்கள். அந்த வீட்டிற்கு வரும் மாஷியும் அவர்களில் ஒருவர். புதியவர் ஒருவருக்கு எப்படி வேலை கிடைக்கும் என்று ஆய்வாளர் ஒரு நாள் கேட்டார். ஆள் அனுப்பும் சென்டர்கள் இருக்கின்றன, அங்கே போனால் தரகு பிடிப்பார்கள் என்றார் மாஷி. மற்றபடி ரயிலில் எதிரே உட்காருபவரிடம் சொல்லிவைப்பதுதான் வழக்கமாம். சொந்தத் தங்கையிடம் சொல்வதால் பயனில்லை. தங்கைக்குத் தெரிந்த வீடுகள் தமக்கும் தெரிந்த வீடுகளே. வேறு பெட்டியில், வேறு ஊரிலிருந்து வருபவருக்குத்தான் தமக்குத் தெரியாத வீடு தெரியும். அதே சமயம் முகமே தெரியாதவரை யாரும் ஒரு வீட்டுக்குள் அழைத்துப் போகமாட்டார்கள். நாலைந்து முறையாவது பார்த்துப் பேசியிருக்க வேண்டும்.

சமூகவியலில் இதற்குப் புகழ்பெற்ற பெயர் உண்டு. 1973இல் மார்க் கிரானோவெட்டர் எழுதிய கட்டுரை, நெருங்கிய உறவுகளைவிட மெல்லிய பழக்கங்களே புதிய செய்தியைக் கொண்டுவருகின்றன என்று வாதிட்டது. ஏறத்தாழ ஐம்பதாண்டுகளுக்குப் பிறகு, 2022 செப்டம்பரில், கார்த்திக் ராஜ்குமாரும் உடனாய்வாளர்களும் லிங்க்ட்இன் தளத்திலேயே அதைச் சோதித்து ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டனர். ‘உங்களுக்குத் தெரிந்திருக்கக்கூடியவர்கள்’ என்று தளம் பரிந்துரைக்கும் பட்டியலை ஆளுக்கு ஆள் மாற்றி அமைத்து, ஐந்தாண்டுகளில் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட பயனர்களிடையே நடந்த சோதனை அது. அந்தக் காலத்தில் அவர்களிடையே உருவான புதிய இணைப்புகள் 200 கோடி, கிடைத்த புதிய வேலைகள் ஆறு லட்சம். தாங்கள் சோதனையில் இருப்பது பயனர்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை என்ற அறவியல் கேள்வியும் அப்போது எழுந்தது. ஆய்வு நெறி பயில்பவர்கள் அதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். சோதனையின் முடிவு ஏறத்தாழ மாஷி சொன்னதுதான். மிக நெருங்கியவரும் பெரிதாக உதவவில்லை, முற்றிலும் அந்நியரும் உதவவில்லை. இடைப்பட்ட மெல்லிய பழக்கமே வேலை மாற்றத்திற்கு மிகுதியும் துணைநின்றது. அந்த ஆய்வு எண்ணியது நிலையான வேலைகளை. ஒப்பந்தப் பணியில் வேலை தருபவருக்கு ஆளை நேரில் சோதிக்கும் வாய்ப்பு இன்னும் குறைவு என்பதால், நடுவில் நின்று ஒரு சொல் சொல்பவரின் தேவை கூடுமே தவிரக் குறையாது.

தமிழ் படித்தவர்களுக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை. அவற்றுள் திருமுருகாற்றுப்படை இறைவனிடம் வழிப்படுத்துகிறது. மற்ற நான்கிலும் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், எதிரே வறுமையோடு வரும் கலைஞனைச் சந்திக்கிறான். இருவரும் ஒரே தொழில், ஆனால் ஒரே வீட்டார் அல்லர். வழியில் பார்த்தவர்கள். பெற்றவன் பெறாதவனிடம் கரிகாலனையோ நல்லியக்கோடனையோ இளந்திரையனையோ நன்னனையோ காட்டி, எந்த வழியாகப் போக வேண்டும், இடையில் யார் உணவளிப்பார்கள், அங்கே என்ன கிடைக்கும் என்று விரிவாகச் சொல்கிறான். தான் பெற்றதைப் போட்டியாளனிடமிருந்து மறைக்க வேண்டும் என்ற எண்ணமே அந்தப் பாட்டுகளில் இல்லை.

அந்நியர்களுக்குக் கோரிக்கை அனுப்புவதை ஆய்வாளர் நிறுத்தினார். பயிலரங்குகளில் உடன் அமர்ந்தவர்கள், ஒருமுறை மின்னஞ்சலில் ஐயம் கேட்டவர்கள், முதுகலை வகுப்பில் பின்வரிசையில் இருந்தவர்கள் என அரைகுறையாகத் தெரிந்தவர்களைத் தேடி இணைத்துக்கொண்டார். அவர்களிடம் வேலை கேட்கவில்லை. இரண்டு வாரத்திற்கு ஒருமுறை, தமது மேசையில் அன்று தடுக்கிய ஒரு மொழிச் சிக்கலைப் பற்றி இருநூறு சொற்களில் எழுதினார். அவ்வளவே.

மூன்றாவதாக எழுதிய குறிப்பு வங்காளத்தின் ‘ஷே’ என்ற சொல்லைப் பற்றியது. வங்காளப் படர்க்கைப் பெயரில் ஆண், பெண் வேறுபாடு இல்லை. வினைமுற்றிலும் இல்லை. ஒரு படத்தில் ஒருத்தி தொலைபேசியில் ‘ஷே ஏஷேச்சே’ என்கிறாள். வந்திருப்பவர் ஆணா பெண்ணா என்பது கதவு திறக்கும் வரை பார்வையாளருக்குத் தெரியக்கூடாது. தமிழில் ‘வந்திருக்கிறான்’ என்றால் முடிச்சு அவிழ்ந்துவிடும், ‘வந்திருக்கிறாள்’ என்றாலும் அவிழ்ந்துவிடும். எழுவாயை விட்டுவிட்டாலும் பயனில்லை, வினைவிகுதியே காட்டிக்கொடுத்துவிடும். ‘வந்திருக்கிறார்’ என்றால் இல்லாத மரியாதை வந்து புகுந்துவிடும். பேச்சுத் தமிழ் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது: ‘வந்தாச்சு’. பாலும் இல்லை, மரியாதையும் இல்லை, ஒலிப்பதற்கும் இயல்பு. சப்டைட்டிலுக்கு வேண்டிய சுருக்கமும் உண்டு.

மூன்றாண்டுகளுக்கு முன் மைசூரில் ஒரு பயிலரங்கில் இரண்டு நாள் பக்கத்து இருக்கையில் இருந்த ஒருவர் அதைப் படித்தார். அவர் இப்போது சப்டைட்டில் துறையில் பணியாற்றும் ஒருவருக்கு அந்தக் குறிப்பைச் சுட்டி, ‘இவரைக் கேட்டுப் பாருங்கள்’ என்று மூன்று சொல் எழுதினார். மறுவாரம் ஒரு வங்காளத் தொடரின் எட்டுப் பகுதிகளுக்குத் தமிழ் சப்டைட்டில் சரிபார்க்கும் ஒப்பந்தம் வந்தது. நான்கு மாதங்கள் பட்டியலிட்ட பட்டங்கள் செய்யாததை ஒரு ‘வந்தாச்சு’ செய்தது.

ஒப்பந்தத்திலும் மொழியியல் உதவியது. அடுத்து வந்த ஆங்கில நலவாழ்வுத் துண்டறிக்கைப் பணிக்கு, மொழிபெயர்த்த சொல் ஒன்றுக்கு இவ்வளவு என்று ஊதியம் பேசினார்கள். எந்த மொழியின் சொல் என்று அவர் கேட்டார். ஆங்கிலத்தில் ‘இஃப் ஹி டஸ் நாட் கம்’ என்று ஐந்து சொற்களாக எழுதுவதைத் தமிழில் ‘வரவில்லையென்றால்’ என்று ஒரே சொல்லாக எழுதுகிறோம். ஒட்டுநிலை மொழிக்கு இலக்குமொழிச் சொற்களை எண்ணி ஊதியம் தந்தால், நன்றாகச் சேர்த்து எழுதுபவர் இழப்பார், பிரித்துப் பிரித்து எழுதுபவர் பெறுவார். இதை அவர் ஒரு பத்தியில் விளக்கி, மூலமொழிச் சொற்கணக்கே முறையானது என்று எழுதினார். மறுப்பின்றி ஏற்றுக்கொண்டார்கள். திருத்தங்கள் எத்தனை முறை, பணம் எத்தனை நாளில், பாதியில் நின்றால் எவ்வளவு, பெயர் இடம்பெறுமா, வரி பிடித்தால் அது தம் கணக்கில் ஏறுமா என்பனவற்றையும் தொடக்கத்திலேயே எழுத்தில் வாங்கிக்கொண்டார். முன்பணமாகப் ‘பதிவுக் கட்டணம்’ கேட்டவர்களுக்கு மறுமொழியே எழுதவில்லை. வேலை தருபவர் பணம் தருவார், கேட்கமாட்டார்.

இவ்வளவும் இழப்பின்றி நடந்துவிடவில்லை. காலையில் எழுந்ததும் ஆய்வேட்டைத் திறக்க வேண்டிய கை, குறிப்புக்கு எத்தனை பேர் விருப்பம் தெரிவித்தார்கள் என்று பார்க்கத் தொடங்கியது. பேச்சுப் பதிவுகளைக் கேட்கும்போதே ‘இது குறிப்பாக ஆகுமா’ என்ற எண்ணம் குறுக்கிட்டது. லேக் மார்க்கெட்டில் ஒரு பாட்டி தம் பேச்சைப் பதிவு செய்ய இசைந்தது ஆய்வுக்காக மட்டுமே. அதிலிருந்து ஒரு சுவையான வாக்கியத்தை எடுத்துப் பொதுவில் போடும் உரிமை தமக்கு இல்லை என்பதை அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. களத் தரவு ஒன்றுகூட அந்தப் பக்கத்தில் ஏறக்கூடாது என்பது அவருடைய இரண்டாவது விதி.

பெரிய அச்சம் நெறியாளரைப் பற்றியது. உதவித்தொகை பெறும் காலத்தில் அனுமதியின்றி வேறு ஊதியம் பெறலாகாது என்பது விதி. அவருடைய உதவித்தொகை முடிந்துவிட்டது, ஆகவே விதிமீறல் இல்லை. ஆனால் ஆய்வு விதியோடு மட்டும் நடப்பதில்லை. காரியாஹாட்டுக்கு அருகே ஹிந்துஸ்தான் பார்க்கில் சுனிதிகுமார் சட்டர்ஜியின் ‘சுதர்மா’ இல்லம் இருக்கிறது. வங்காள மொழியின் தோற்றமும் வளர்ச்சியும் குறித்து 1926இல் வெளிவந்த அவருடைய பெருநூலை அறியாமல் இந்திய மொழியியலில் யாரும் அடியெடுத்து வைப்பதில்லை. அந்த வீட்டைக் கடக்கும்போதெல்லாம், நிமிடத்திற்கு இவ்வளவு என்று சப்டைட்டில் திருத்துபவரும் மொழியியலாளர்தானா என்ற கேள்வி அவருக்குள் எழும். அதற்கு அவர் மெல்ல ஒரு விடையும் கண்டார். வங்காள நாவல்களைத் தமிழர்கள் படித்தது எழுத்தாளர் த.நா. குமாரசுவாமி போன்றவர்களால். அதீன் பந்தோபாத்யாயின் நாவலை ‘நீலகண்டப் பறவையைத் தேடி’ என்று தமிழுக்குத் தந்த சு. கிருஷ்ணமூர்த்தி இதே கொல்கத்தாவில் வாழ்ந்தவர். இரு மொழிகளுக்கும் இடையிலான பாதையைப் போட்டதில் பல்கலைக்கழகத்திற்கு இருக்கும் பங்கைவிட அவர்களுடைய பங்கு சிறியதன்று.

ஒரு நாள் நெறியாளரே அழைத்தார். ‘வந்தாச்சு’ குறிப்பை யாரோ அவருக்கு அனுப்பியிருந்தார்கள். மாணவர்களைத் ‘துமி’ என்று அழைக்கும் வங்காளப் பேராசிரியர் அவர். “இதை ஏன் மூன்றாம் இயலில் எழுதவில்லை?” என்பதே அவருடைய முதல் கேள்வி. வாடகை, கடைசித் தவணை, சப்டைட்டில் எல்லாவற்றையும் ஆய்வாளர் சொல்லி முடித்தார். பேராசிரியர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “முன்பே சொல்லியிருக்கலாமே” என்றார். அன்றிரவு லிங்க்ட்இன் பக்கத்தில் பரிந்துரை என்ற பகுதியில் மூன்று வரி சேர்ந்திருந்தது. இவருடைய செவி நம்பத்தக்கது, சொன்ன நாளில் முடிப்பார், தெரியாததைத் தெரியாது என்பார். ஆசிரியர் எழுதும் பாயிரத்தைப் பற்றிப் பவணந்தியார் சொன்னது இதைத்தான். உடன் கற்றவர் ஒருவரும், ஞாயிறுகளில் அவரிடம் தமிழ் பயிலும் ஒரு கொல்கத்தாத் தமிழ்ப் பெண்ணும் அடுத்தடுத்து எழுதினார்கள். எட்டுப் பகுதிகளையும் வரி வரியாகப் படித்த சப்டைட்டில் ஒருங்கிணைப்பாளர் எழுதியபோது உரைகாரரின் இடமும் நிறைந்தது.

மூன்றாம் இயல் இப்போது எழுதப்பட்டு வருகிறது. வாரத்திற்குப் பதினைந்து மணி நேரம் என்ற எல்லையை அவர் இரண்டு முறை மீறினார். இரண்டு முறையும் இயல் நின்றது. மூன்றாவது முறை ஒரு பெரிய ஒப்பந்தம் வந்தபோது ஏற்கவில்லை. தஞ்சாவூரில் ஆய்வு செய்யும் இளையவர் ஒருவரின் பெயரை எழுதி, அவருடைய மாதிரியையும் இணைத்து, ‘இவரைக் கேட்டுப் பாருங்கள்’ என்று அனுப்பினார். அந்தப் பையனை ஒரு கருத்தரங்கில் ஒருமுறை பார்த்ததுதான் பழக்கம்.

இரண்டு நாள் கழித்து அவனிடமிருந்து செய்தி வந்தது: “அக்கா, வேலை கிடைச்சிருச்சு. ஆனா என் பக்கத்துல என்னைப் பத்தி என்ன எழுதறதுன்னே தெரியல. கூச்சமா இருக்கு.”

அவர் நன்னூலின் பாயிரவியல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார். கேட்போர், பயன், எல்லை ஆகிய மூன்று சொற்களுக்குக் கீழே கோடிட்டிருந்தது. பிறகு கைப்பேசியை அணைத்துவிட்டு மூன்றாம் இயலைத் திறந்தார். வெளியே கேனிங் ரயிலின் அறிவிப்பு கேட்டது.